விறகு வண்டியில் வந்த பலகைகள்

மார்ச் 4, 2025, செவ்வாய்

பள்ளிக்கூடச் சட்டை மூன்று முடித்தேன். ஒன்றில் காலரைப் பிரித்துத் தைக்க வேண்டும். முற்றம் முழுக்கச் சேறு.

மாலை கொழுந்தன் அசான் வந்து தன் அண்ணனை, என் கணவரை, முதுகில் சுமந்துகொண்டு முற்றத்துக் கோடியில் இருக்கும் கழிப்பறைக்குப் போனான். மூன்று படியும் வழுக்கின. நான் பின்னால் கையை நீட்டிக்கொண்டே நடந்தேன், எதைப் பிடிக்கப் போகிறேன் என்று தெரியாமல். சாதிபெக் தம்பியின் சட்டை முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுச் சுவரில் யாராவது நிற்பார்களோ என்று பயம்.

திரும்பி வந்ததும் டீ ஊற்றினேன். வேண்டாம் என்றார். நேற்றும் வேண்டாம் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மத்தியானத்துக்குப் பிறகு அவர் தண்ணீரே குடிப்பதில்லை. மனுஷன் தாகத்தோட கிடக்காரு — இன்னொரு தடவை தூக்கச் சொல்லக் கூடாதுன்னு. எத்தனை நாளா? நான் எப்படிக் கவனிக்காம இருந்தேன்?

அக்ரூட் மரத்திலிருந்து விழுந்து ஐந்து மாதம். இருபது வருஷம் மின்கம்பத்தில் ஏறியவர், அக்ரூட் பறிக்க ஏறி விழுந்தார். சக்கர நாற்காலி வாசலுக்கு உள்ளேயே நிற்கிறது. அதற்கு அப்பால் அந்த மூன்று படி.

மார்ச் 5, புதன்

படிகளை அளந்தேன். ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர் உயரம். ஒரு சரிவுப் பாதை போட்டால் போதும். ஒரு பாவாடை நீளம்கூட இல்லை, இதுவா ஒரு மனுஷனை அடைத்து வைத்திருக்கிறது?

மார்ச் 9, ஞாயிறு

பஜாரில் மரவாடி. பைன் பலகை ஒன்றின் விலைக்கு ஓர் ஆட்டுத்தொடை வாங்கலாம். ஓக் இருக்கிறதா என்று கேட்டதற்கு அந்த ஆள் என் செருப்பைப் பார்த்தான்.

“பைனே போடுங்கக்கா. ரெண்டு குளிர்காலம் தாங்கும். அப்புறம் வந்து என்கிட்டயே புதுசு வாங்கிக்கலாம்.”

அவன் கேலி செய்யவில்லை, உண்மையைத்தான் சொன்னான். மழையிலும் பனியிலும் கிடக்கப்போகும் பாதை. வைரம் பாய்ந்த மரம் வேண்டும். அதை வாங்க ஒரு தையற்காரி என்ன செய்வாள்?

என் தோழி அனாரா போன் செய்தாள். எல்லை தாண்டி யெகாதெரின்பர்கில் அவள் வேலை செய்யும் தையல் கூடத்தில் ஆகஸ்ட்டில் ஓர் இடம் காலியாகிறதாம். “நீ வந்தாத்தான்டி அவருக்கு மருந்துக்கே வழி. அசான் பொண்டாட்டி ரெண்டு வேளை சோறு போட மாட்டாளா?” யோசிக்கிறேன் என்றேன். யோசிக்கவே இல்லை, எப்போதோ போய்விட்டேன் மனதில். அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

பாதை இருந்தால் அவர் தனியாகச் சமாளித்துக்கொள்வார். பிள்ளைகள் இல்லாத வீடு. நான் போவதற்கு முன் பாதை வேண்டும்.

மார்ச் 16, ஞாயிறு

தோக்தோசுனின் விறகு வண்டி தெருமுனையில் நின்றது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு விறகு அவனுடையதுதான். வண்டியில் மேலே ஆப்ரிகாட் கிளைகள், அடியில் முழங்கால் உயரத்துக்கு உருண்டையாக மூன்று பெரிய கட்டைகள்.

“அது என்னடா மரம்?”

“கரகாச் மரம்க்கா. பள்ளிக்கூடத் தெருவுல வாய்க்காலை அகலப்படுத்துறாங்கல்ல, அங்க வெட்டினது. தொடாதீங்க, அது சனியன். வாங்கிட்டுப் போறவங்க கோடாலியை உள்ளயே மாட்ட விட்டுட்டு வந்து என்னைத் திட்டுறாங்க. பொளக்கவே மாட்டேங்குது.”

கோடாலியே போகவில்லை என்றால் சக்கரம் எப்படி அதைத் தேய்க்கும்?

“எவ்வளவுக்குத் தருவ?”

“எடுத்துட்டுப் போறேன்னு சொல்லுங்க, பாப்லர் விலையை விடக் குறைச்சுத் தரேன். கூட ஒரு நன்றியும் சொல்றேன்.”

மூன்று கட்டையும் இப்போது நம் முற்றத்தில். உருட்டி விடும்போது வேலிப்படல் ஒன்று உடைந்தது. சத்தம் கேட்டு ஜன்னல் திரை லேசாக விலகியது. பிறகு மூடிக்கொண்டது.

மார்ச் 18, செவ்வாய்

அறுக்கும் மில்லில் ஹக்கிம்ஜான் முடியாது என்றுவிட்டார். ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் கவிழ்த்தார். உடைந்த ரம்பப் பற்கள்.

“தெரு மரமாம்மா? காடா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு அறுப்பேன். தெரு மரத்துல ஊர்ல உள்ளவன் எல்லாம் ஆணி அடிச்சிருப்பான். கொடி கட்டுவான், போர்டு மாட்டுவான். மரம் அதையெல்லாம் முழுங்கிட்டு மேல பட்டை போட்டுக்கும். ஆணி இல்லைன்னு எழுதிக் கொடுங்க, அறுக்கறேன்.”

யார் எழுதிக் கொடுப்பார்கள்? கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பட்டை பட்டைதான்.

மார்ச் 21, வெள்ளி

நவ்ரூஸ், வசந்தப் புத்தாண்டு. அசான் வீட்டிலிருந்து சுமலக் வந்தது, முளைக்கோதுமைக் கூழ், ஒரு கிண்ணம். ஜன்னலைத் திறந்து காற்று விட்டேன். சாதிபெக் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம். பிறகு அவராகவே பேசினார் — எத்தனை நாளைக்குப் பிறகு!

“நடுவுல கிடக்குதே, அதுல இரும்புக் கொக்கி இருக்கு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நான்தானே அடிச்சேன். அந்தக் கணுவை மறக்க முடியுமா? பள்ளிக்கூடத் தெரு, ரெண்டாவது மரம். கம்பம் சாஞ்சிருச்சு, அவசரத்துக்குக் கம்பியை மரத்துல இழுத்துக் கட்டினேன். மேலதிகாரி வந்தா திட்டுவான்னு மறுநாளே கழட்டிடணும்னு நெனச்சேன். பதினஞ்சு வருஷமாச்சு.”

நான் சிரித்துவிட்டேன். அவருக்கும் உதட்டோரம் அசைந்தது. சுமலக் முழுவதையும் சாப்பிட்டார்.

மார்ச் 24, திங்கள்

பழைய ஒலிபெருக்கியை உடைத்து அதிலிருந்த காந்தத்தை எடுக்கச் சொன்னார். என் நைலான் நூலில் கட்டித் தொங்கவிட்டார். அசானும் தோக்தோசுனும் கட்டைகளை ஒவ்வொன்றாக வாசற்படி வரை உருட்டி வந்தார்கள். மேல்படியில் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கம்பி முனையில் நூலைக் கட்டி, தூண்டில் போடுகிறவர் மாதிரி காந்தத்தைப் பட்டையின் மேல் ஓட்டினார். அது லேசாக இழுபடும் இடத்தில் ஒரு வட்டம்.

“சாதிபெக் அண்ணே, மீன் மாட்டுச்சா?” என்றான் தோக்தோசுன்.

“பேசாம உருட்டுடா. உன் வாயிலயும் ஒரு ஆணி அடிக்கணும்.”

வட்டங்களைத் தோண்டினோம். பன்னிரண்டு ஆணி, ஒரு குதிரை லாடத் துண்டு, அவருடைய கொக்கி. கொக்கியைக் கழுவிக் கொடுத்தேன். துருவைத் துடைத்துப் பார்த்துவிட்டு, “நல்லாத்தான் அடிச்சிருக்கேன்” என்றார்.

ஏப்ரல் 2, புதன்

அறுத்தாயிற்று. ஹக்கிம்ஜானின் ரம்பம் ஒரு பல்கூட இழக்கவில்லை. உள்ளே இளஞ்சிவப்பும் பழுப்புமாக, காட்டாற்றுச் சுழல் போல ரேகைகள். விறகாகப் போயிருக்க வேண்டியது. ஆனால் நாற்றம்! ஈரக் கரகாச் பலகை மாட்டுக்கொட்டில் போல நாறுகிறது. நான் தைத்த துணிகளிலெல்லாம் ஏறிவிட்டது. தலைமையாசிரியையின் சட்டையிலும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

அட்டையில் வெட்டிப் பார்த்தேன், ரவிக்கைக்கு மாதிரி வெட்டுவது போல. செங்குத்தாக இருந்தால் அவர் கையால் உந்தி ஏற முடியாது. ஆறரை மீட்டர் நீளம் வேண்டும். முற்றத்தில் நேராக இடமில்லை, ஆப்ரிகாட் மரத்தடியில் ஒரு திருப்பம் வைத்தேன். நானும் அசானும் ஐந்து நாள் வேலை செய்தோம். கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது.

இன்று மாலை அவர் இறங்கினார். அசான் பின்னால் பிடித்துக்கொண்டான். ஆப்ரிகாட் பூக்கள் மேலே கொட்டின. தட்டிவிடவில்லை.

மே 11, ஞாயிறு

எழுதவே கை வரல.

கீழே விழுந்துட்டாரு. நான் செஞ்ச பாதையில. பத்து நாளாகவே பலகைகள் ஓரத்தில் மேலே வளைந்துகொண்டிருந்தன. ஒன்று முறுக்கிக்கொண்டு ஆணியையே பிடுங்கிவிட்டது. தட்டிச் சரி செய்தேன், மறுபடி வளைந்தது. வெயில் ஏறினால் அடங்கும் என்று நினைத்தேன் — ஏன் நெனச்சேன்? யாரைக் கேட்டு நெனச்சேன்? இன்று திருப்பத்தில் முன்சக்கரம் இடுக்கில் மாட்டி நாற்காலி கவிழ்ந்தது. முழங்கை கிழிந்தது, நெற்றியில் வீக்கம். மண்ணில் கிடந்தவர் என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அசான் கத்தினான். “தையல் வேலைன்னு நெனச்சீங்களா அண்ணி? பிரிச்சுத் தைக்கறதுக்கு? இது எங்க அண்ணன் உசிரு!”

அவன் சொன்னதில் என்ன தப்பு?

மே 12, திங்கள்

அனாராவிடம் சரி என்று சொல்லிவிட்டேன். ஆகஸ்ட்.

மே 15, வியாழன்

காலையில் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்காலியை மிஷின் அருகே கொண்டுவந்து நிறுத்தினார். நெற்றி வீக்கம் இப்போது மஞ்சளாகியிருக்கிறது.

“புருல், பருத்தித் துணி வந்தா மொதல்ல என்ன பண்ணுவ?”

“நனைச்சுக் காயப்போடுவேன்.”

“எதுக்கு?”

“தைச்ச பிறகு சுருங்கிடுமே.”

சொல்லி முடிக்கும்போதே புரிந்துவிட்டது. ஊசியை மேஜையில் வைத்தேன்.

“பச்சை மரத்தை அறுத்த பத்தாம் நாள் ஆணி அடிச்சா அது சும்மாவா இருக்கும்? ஹக்கிம்ஜானுக்குப் போன் போட்டேன். ஒரு விரல் தடிமனுக்கு ஒரு வருஷம் நிழல்ல காயணுமாம். எனக்கும்தான் தெரியல, உனக்கு எப்படித் தெரியும்?”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

பிறகு, அதே குரலில்: “ஆகஸ்ட்டா?”

சுவர் மெல்லியது. போனில் பேசியது கேட்டிருக்கிறது. ஆமாம் என்றேன்.

“அப்ப ஒரு வருஷம் காயப்போட நேரமில்ல. ஏற்கெனவே காஞ்ச மரம் வேணும். பழசு.”

மே 25, ஞாயிறு

கூட்டுப்பண்ணைக் காலத்துப் பட்டுப்புழுக் கொட்டகையை இடிக்கிறார்கள் என்று தோக்தோசுன் சொன்னான். கூரையெல்லாம் கரகாச்சும் முசுக்கொட்டையுமாம், ஐம்பது அறுபது வருஷம் புகையிலும் வெயிலிலும் காய்ந்தது. அதையும் விறகாகத்தான் விற்கிறார்கள்.

“நானும் வரேன்” என்றார் சாதிபெக்.

அசான் வேண்டாம் என்றான். நானும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். கேட்கவில்லை. டிராக்டர் இழுவையில் நாற்காலியோடு ஏற்றி, நான்கு பக்கமும் கயிறு கட்டி, நான் பக்கத்தில் சாக்கில் உட்கார்ந்துகொண்டேன். பஜார் வழியாகத்தான் போயாக வேண்டும். அக்டோபருக்குப் பிறகு ஊர் அவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ரொட்டிக்கடைக்காரி தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். என் காது சூடாகியது.

“டேய் தோக்தோசுன், மெதுவா ஓட்டு. விறகு கீழ விழுந்தா விலை குறைஞ்சிடும்.”

சத்தமாகச் சொன்னார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. ரொட்டிக்கடைக்காரி முதலில் சிரித்தாள். ஓடி வந்து சூடாக ரெண்டு ரொட்டியை என் மடியில் போட்டாள்.

கொட்டகையில் பேரம் அவருடையது. கூரை உத்திரங்களைத் தன் பழைய கொக்கியால் தட்டித் தட்டிக் கேட்டார். மந்தமாக ஒலித்ததை ஒதுக்கினார், கணீரென்றதை எடுத்தார். இடிப்பவன், “விறகுக்கு எதுக்கண்ணே இவ்வளவு பரீட்சை?” என்றான்.

“எங்க வீட்டு அடுப்பு கொஞ்சம் வசதியானது, நல்ல விறகைத்தான் எரிக்கும்.”

வரும்போது வெயிலில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். மூக்கு நுனி சிவந்துவிட்டது.

மே 26, திங்கள்

காந்தம். நாற்பத்தொரு ஆணி! இரண்டு பேருக்கும் கை கறுத்துவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

இந்தத் தடவை ஆணியில்லை. துளை போட்டு ஸ்க்ரூ. துளை போட்டது முழுக்க அவர், டிரில்லை மடியில் வைத்துக்கொண்டு. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு பொத்தான் தடிமனுக்கு இடைவெளி விட்டோம். அந்தப் பொத்தான்கள் என் டப்பாவிலிருந்து போனவைதான். இரண்டு பக்கமும் விளிம்புச் சட்டம், சக்கரம் வெளியே ஓடாதபடி. பாதை கழிப்பறை வாசல் வரைக்கும் போகிறது. அங்கே கதவை அகலமாக்கி, பிடித்துக்கொள்ள முசுக்கொட்டைக் கம்பு இரண்டு. அசான் வந்து பாதையின் மேல் ஏறிக் குதித்துப் பார்த்தான். மறுபடியும் குதித்தான். போகும்போது என் கையிலிருந்த இழைப்புளியை வாங்கி, கத்தியைத் தீட்டிக் கொண்டுவந்து கொடுத்தான்.

ஜூன் 10, செவ்வாய்

விழித்தபோது கட்டிலில் அவர் இல்லை. ஓடினேன். கழிப்பறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே இருமல் சத்தம்.

ஜூன் 11, புதன்

மத்தியானம் மூன்று கோப்பை டீ குடித்தார்.

ஜூலை 6, ஞாயிறு

மிச்சமிருந்த உத்திரங்களில் ஆப்ரிகாட் மரத்தடியில் ஒரு தப்சான் போடலாம் என்றார். எல்லார் முற்றத்திலும் இருக்கிறதே, உட்கார்ந்து சாப்பிட, படுக்க, அதுதான். ஆனால் உயரம் நாற்காலியின் இருக்கை மட்டம், கையூன்றி அப்படியே நகர்ந்துகொள்ளலாம். கால்கள் நான், மேல் பலகை அவர் என்று பிரித்துக்கொண்டோம். கால்கள் முடிந்துவிட்டன.

ஜூலை 20, ஞாயிறு

ஒரு விஷயம் கவனித்தேன். இரண்டு வாரமாக அவர் ஒரே பலகையை இழைக்கிறார். விரலால் தடவிப் பார்த்தேன், கண்ணாடி. மாலையில் கேட்டேன்.

“இது முடியவே முடியாதா?”

சுருள் சுருளாக மரச்சீவல் அவர் மடியில் கிடந்தது. ஊதிவிட்டார்.

“எனக்கென்ன அவசரம்? முடிஞ்சா நீ கிளம்பிடுவ.”

“முடியலைன்னாலும் ஆகஸ்ட் வரும்.”

“வரட்டும். நான் உன்னைத் தடுக்கல புருல். போக வேண்டியதுதான். நான் மட்டும் என்ன, முடிஞ்சா ஓடிருக்க மாட்டேனா அந்த அறையை விட்டு? குளிர்காலம் பூரா உன் முகத்தைப் பார்த்துட்டுத்தானே இருந்தேன்.”

அழுகை வந்தது. நான் காசுக்காகத்தான் போகிறேன் என்று அனாராவிடம் சொன்னேன், அசானிடம் சொன்னேன், எனக்கே சொல்லிக்கொண்டேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அறையின் வாடை, அந்த மூடின திரை, பேசாத முகம் — அதுலேருந்து ஓடத்தான் பார்த்தேன். வேற என்ன?

ஆனால் அந்த அறையில் இப்போது யாரும் இல்லையே. அவர் பகல் முழுக்க முற்றத்தில் இருக்கிறார். நான் எதிலிருந்து ஓடுகிறேன்?

ஜூலை 21, திங்கள்

தப்சான் முடிந்தது. ஒரே நாளில்! மீதிப் பலகைகளை எப்போதோ இழைத்து, அசானை விட்டு வேலிக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்திருக்கிறார். கள்ளன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மேல்கிராமத்திலிருந்து கலிமா என்று ஒரு பெண் வந்தாள். பஜாரில் கேள்விப்பட்டாளாம். கணவனுக்கு நம்மவரைப் போலவே, போன இலையுதிர்காலத்தில், அதே அக்ரூட் காட்டில். பாதையின் மேல் மெதுவாக ஏறினாள், இறங்கினாள். கைப்பிடியைத் தொட்டாள். அவர் நாற்காலியில் தானே இறங்கி வந்து, “வாங்க தங்கச்சி, டீ சாப்பிடுங்க” என்றதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“அவர் ஜன்னலைக்கூடத் திறக்க விட மாட்டேங்கிறாருங்க.”

சாதிபெக் என்னைப் பார்த்தார். “உங்க வீட்டுல எத்தனை படி?” என்று அவளைக் கேட்டார். “அஞ்சு.” “சரி. அளவு எடுக்க நாங்க வரோம். இவ அளப்பா. நான் உங்க வீட்டுக்காரர்கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கேன்.”

ஆகஸ்ட் 9, சனி

மேல்கிராமம். அசான் அவரை ஐந்து படியும் சுமந்து ஏற்றினான், நான் அளந்தேன். அறைக்குள் இருவரும் ஒரு மணி நேரம் இருந்தார்கள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை. வெளியே வரும்போது ஜன்னல் திறந்திருந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அனாரா: “டிக்கெட் எடுத்தியா?”

“இல்ல.”

“இங்க ஒரு இடத்துக்குப் பத்துப் பேரு நிக்கிறாங்கடி!”

“கொடுத்துடு.”

கத்தினாள். நியாயம்தான், எனக்காக எத்தனை பேரிடம் கெஞ்சினாளோ. போனை வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்ப அழைத்து, “நீ சொன்னியே, அந்தத் தப்சானை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு” என்றாள்.

நான் செய்தது சரியா? தெரியவில்லை. குளிர்காலத்தில் கஷ்டப்படுவோம். மருந்துச் செலவு இருக்கிறது, நிலக்கரிச் செலவு இருக்கிறது. கலிமா வீட்டுப் பாதைக்கு வரும் பணம் ஒரு மாதத்துக்குப் போதும். ஆனாலும் இன்று மாலை மிஷினில் உட்கார்ந்து இரண்டு சட்டை முடித்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கலிமா வீட்டுப் பாதை முடிந்தது. அவள் கணவன் திருப்பத்தில் சுவரை இடித்துவிட்டான். சாதிபெக் ஒரு வாத்தியார் மாதிரி திட்டுகிறார். “பிரேக் எதுக்குய்யா இருக்கு, அழகுக்கா?”

அக்டோபர் 12, ஞாயிறு

தோக்தோசுன் மறுபடி கரகாச் கட்டைகள் கொண்டுவந்திருந்தான், ஐந்து. ஆற்றங்கரை மரம், ஆணி இரண்டே இரண்டு. நேற்று அறுத்து வந்தது. இரண்டு விரல் தடிமன் பலகைகள், ஈரம் சொட்டச் சொட்ட, அதே மாட்டுக்கொட்டில் நாற்றம். முற்றத்துச் சுவரோரம் நிழலில் அடுக்கினோம். பலகைக்கு நடுவே குறுக்குக் குச்சி வைத்துக் காற்றுப் போக வழி விட்டோம். முனைகள் வெடிக்காமலிருக்க நான் மெழுகு தடவிக்கொண்டே போனேன். அவர் பின்னால் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, தூரிகையால் ஒவ்வொரு முனையிலும் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

டீ கொண்டுபோனபோதுதான் படித்தேன். வரிசையாக எல்லாப் பலகையிலும், கறுப்பு வண்ணத்தில், அவருடைய அந்தக் கோணல் எழுத்தில்:

அக்டோபர் 2027-க்கு முன் தொடாதே.

“என்ன பார்க்கிற?” என்றார். “மழை வரும் போல இருக்கு. அந்தத் தகரத்தை எடுத்துட்டு வா, மூடணும்.”

எடுக்கப் போனேன்.